மகளின் கதையில் அம்மா இறந்துபோனால்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. இருவரும் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். மகள் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் ரகசியமாகக் கதை எழுதுவது போன மாதம்தான் தெரிந்தது. அவள் பள்ளிக்குப் போன பிறகு எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்திலேயே அம்மா பஸ் விபத்தில் இறந்துவிடுகிறாள். சிறுமி காங்கேயம் பக்கத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகிறாள். அங்கே வறண்ட கிணற்றிலிருந்து இரவில் சத்தம் வருகிறது. அத்தோடு கதை நிற்கிறது. இதுபோலப் பாதியில் விட்ட கதைகள் இன்னும் பல இருக்கின்றன. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. என்மேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பா? கதைப் புத்தகம் படித்தால் மதிப்பெண் குறையும் என்கிறார் வகுப்பாசிரியர். என் கணவரும் அதையே சொல்கிறார். மகனோ புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எப்போதும் கைபேசியில் வீடியோதான். இதற்கிடையே உறவினர் ஒருவர், 25,000 ரூபாய் கொடுத்தால் மகளின் கதைகளைப் புத்தகமாகப் போட்டு, சாதனைச் சான்றிதழும் வாங்கித் தர ஆள் இருக்கிறது என்கிறார். அவள் எழுதுவதை ஊக்குவிப்பதா, நிறுத்துவதா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். விடுமுறைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை எழுதும் கூட்டமும் நடத்துகிறேன். அங்கே பிள்ளைகள் எழுதும் கதைகளில் இறந்துபோகும் அம்மாக்களைக் கூட்டினால் ஓர் ஊரே காலியாகிவிடும். அப்பாக்கள் பெரும்பாலும் துபாய்க்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் சலுகை அது. ஆகவே முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள்.

அம்மா உயிரோடு இருந்தால் அந்தக் கதை நடக்காது. யோசித்துப் பாருங்கள். 13 வயதுச் சிறுமி இரவில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பாழுங்கிணற்றடிக்குப் போக வேண்டும். வீட்டில் நீங்கள் இருந்தால் விடுவீர்களா? "இந்நேரத்துக்கு எங்கே கிளம்பினாய், நாளைக்குத் தேர்வு இல்லையா" என்று கேட்டு, கதையை இரண்டாவது வரியிலேயே முடித்துவிடுவீர்கள். ஒரு சிறுமியைத் தனியாக உலகத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்றால், அவளைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்களை முதலில் வெளியே அனுப்பியாக வேண்டும். ராமன் அயோத்தியிலேயே இருந்திருந்தால் ராமாயணம் ஏது? நம் நாட்டுப்புறக் கதைகளில் தாயில்லாப் பிள்ளைகளுக்கும் மாற்றாந்தாய்களுக்கும் பஞ்சமே இல்லை. பெற்ற பிள்ளைகள் ஏழு பேரையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காள் கதையைச் சொல்லித்தான் நம் பாட்டிமார் பலர் நமக்குச் சோறு ஊட்டினார்கள். உங்கள் மகள் யாரிடமும் பாடம் கேட்காமல் கதையின் முதல் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள். பாட்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டது இன்னும் கெட்டிக்காரத்தனம். பாட்டிக்கு அன்பு உண்டு, காது கொஞ்சம் மந்தம், சீக்கிரம் தூங்கிவிடுவாள். கிணற்றடிக்குப் போகத் தடை இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த வயதில் பிள்ளைகள் மரணத்தைப் பற்றி ஆழமாக யோசிக்கத் தொடங்குகிறார்கள். அம்மா இல்லாமல்போனால் என்ன ஆவேன் என்ற பயம் எங்கோ உள்ளே கிடக்கிறது. அதைப் பகலில் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் "அபசகுனமாகப் பேசாதே" என்போம். காகிதத்தில் கேட்கலாம். உங்களை இழப்பதுதான் அவளுக்குத் தெரிந்ததிலேயே பெரிய நஷ்டம் என்பதால் கதை அங்கே தொடங்குகிறது. இதில் நீங்கள் வருந்த என்ன இருக்கிறது?

ஆனாலும் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். கிணறும் பாட்டியும் சத்தமும் இருந்தால் அது கதை. கதையே இல்லாமல் "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்பது போன்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் வழிகள் எழுதப்பட்டிருந்தால், கூடவே தூக்கமும் சாப்பாடும் மாறி, தோழிகளை ஒதுக்கி, விருப்பமான பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், அப்போது நோட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம். நேராக அவளிடம் உட்கார்ந்து, சாகத் தோன்றுகிறதா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளிடம் அப்படி ஒரு தடயமும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. எடுத்துப் படித்ததை அவளிடம் சொல்வதா, மறைப்பதா? சொல்லிவிடுங்கள் என்பதே என் கருத்து. மறைத்தால் உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். திடீரென்று கூடுதல் பாசம் காட்டுவீர்கள், பஸ்ஸில் போகும்போது அவள் கையை இறுக்கிப் பிடிப்பீர்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் நொடியில் கண்டுபிடிப்பார்கள். ஒருமுறை, சுருக்கமாக: "உன் நோட்டை உன்னைக் கேட்காமல் படித்துவிட்டேன். இனி எடுக்க மாட்டேன். நீயாகக் காட்டினால் படிக்க ஆசையாக இருக்கிறது." அத்தோடு நிறுத்துங்கள். ஏன் எழுதினாய், அம்மா ஏன் சாக வேண்டும் என்ற விசாரணை வேண்டாம். கோபப்படுவாள்; சில நாள் பேசாமலும் இருப்பாள். பட்டுக்கொள்ளுங்கள். பிறகு கணக்கு நோட்டின் பின்பக்கத்துக்குப் பதிலாகத் தனியாக ஒரு நல்ல நோட்டும், பூட்டக்கூடிய ஓர் இழுப்பறையும் வாங்கிக் கொடுங்கள். சாவி அவளிடமே இருக்கட்டும். இன்னொரு சாவி உங்களிடம் இருக்கக் கூடாது.

ரகசியமாக எழுதுவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1826-இல் இங்கிலாந்தின் ஹாவர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியார் தன் மகனுக்கு மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். வீட்டிலிருந்த நான்கு பிள்ளைகளும் அந்தச் சிப்பாய்களுக்கு நாடுகளையும் போர்களையும் சூழ்ச்சிகளையும் உண்டாக்கினார்கள். மூத்த இருவரும் அவற்றைத் தீப்பெட்டி அளவுப் புத்தகங்களில் எழுதித் தைத்தார்கள். எழுத்து அவ்வளவு பொடி. பெரியவர்களின் கண்ணுக்கு எளிதில் சிக்காது. அந்த வீட்டுப் பெண்கள் மூவரும்தான் பின்னாளில் ஆங்கில நாவலில் பெயர் பெற்ற பிராண்ட்டி (Brontë) சகோதரிகள். அந்தத் தந்தையும் நம்மைப் போன்றவர்தான்: ஒரு மகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தபோது, இதில் எழுதுவதெல்லாம் தெளிவான கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று முகப்பில் எழுதியே கொடுத்தார்.

கையெழுத்து என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் ஒருநாள் நோட்டைத் தானாகவே நீட்டுவாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் பேனாவைத் தேடுகிறார்கள். "வறண்ட என்பதற்கு வல்லின 'ற' வரும்." "கிணற்றிலிருந்து ஒற்று எங்கே?" இன்னும் சிலர், "அருமை, அற்புதம், பெரிய எழுத்தாளர் ஆகிவிடுவாய்" என்று அரை நிமிடத்தில் நோட்டை மூடிவிடுகிறார்கள். முதலாவது வலிக்கும். இரண்டாவது, படிக்காமலேயே பாராட்டுகிறார்கள் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அது அதைவிட மோசம்.

அவளுக்குத் திருத்துபவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். பள்ளியில் சிவப்பு மை நிறைய இருக்கிறது. அவளுக்குக் கிடைக்காதது ஒரு வாசகர். வாசகர் என்ன செய்வார்? அடுத்து என்ன என்று கேட்பார். சத்தம் தினமும் வருகிறதா, மழை பெய்தால் மட்டுமா? பாட்டிக்கு அது தெரியாதா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாளா? இந்த இரண்டாவது கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. ஆனால் அன்று இரவு அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பாள். புரியாத இடத்தைப் "புரியவில்லை" என்று சொல்லுங்கள். பிடித்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டுங்கள். ஒரே ஒரு வரி போதும். பிழைகளை அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கையெழுத்துப் பிரதியை நாலு பேருக்குக் காட்ட வேண்டிய கட்டம் வரும்போது அவளே கேட்பாள். பிழை திருத்துவதற்கு அதுதான் நேரம். (கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள். கடிதம் வந்த நாளிலிருந்து அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.)

பாதியில் விட்ட கதைகளைப் பற்றிக் குறைப்பட்டிருந்தீர்கள். இந்த வயதில் முடிக்கப்பட்ட கதைதான் அபூர்வம். தொடக்கம் எல்லோருக்கும் இனிக்கும், நடுப்பகுதி நெளியும், முடிவு பயமுறுத்தும். "ஆரம்பித்ததை முடி" என்ற உபதேசத்தை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவள் விரும்பினால் சின்ன வடிவங்களைக் காட்டலாம்: பாட்டி தன் மகளுக்கு எழுதி அனுப்பாத ஒரு கடிதம், காணாமல்போன ஒற்றைச் செருப்பைப் பற்றிய அறிவிப்பு, பரணில் கிடக்கும் பொருள்களில் ஒன்று தன் கதையைச் சொல்வது, பஸ்ஸில் காதில் விழுந்த பேச்சின் மிச்சத்தைக் கற்பனையில் எழுதுவது. ஒரே உட்காரலில் முடிந்துவிடும். முடித்த சுகம் ஒருமுறை தெரிந்தால் நீளமானதையும் முடிக்கத் துணிவு வரும்.

இங்கே பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பிள்ளைகளுக்கு எழுத்து என்றாலே குறிப்புச் சட்டகம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை. கதை என்றால் கடைசியில் நீதி. எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டுச் சமையலறையைப் பற்றி எழுதுங்கள் என்றால், "மனிதனுக்கு உணவு இன்றியமையாதது" என்று தொடங்கி, "எனவே நாம் உணவை வீணாக்காமல் இருப்போமாக" என்று முடிப்பார்கள். நடுவில் சமையலறை இருக்காது. தேர்வுக்கு அந்த முறை தேவை; அதைப் பழகட்டும். வீட்டில் எழுதும் கதைக்கு அது வேண்டாம் என்பதை மட்டும் அவளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். கதையைப் படித்துவிட்டு "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்காமலும் இருங்கள். போட்டிகளுக்காகப் பெற்றோரே எழுதிக் கொடுத்து, பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும் கூத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பேச்சுத் தமிழில் எழுதுகிறாள் என்பதும் பல பெற்றோரின் கவலை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குக் காதில் விழும் தமிழ்தான் சொந்தத் தமிழ். கதையில் பாட்டி பேசும்போது காங்கேயத்துப் பாட்டியாகவே பேசட்டும். கொங்கு நாட்டுக்காரரான ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட 'நாகம்மாள்' நாவலில் அந்த வட்டாரத்துப் பேச்சு அப்படியே ஒலிக்கிறது. அதனால்தான் இன்றும் அதைப் பேசுகிறோம். கதைசொல்லியின் வரிகள் எழுத்துத் தமிழில் இருப்பதும், பாத்திரங்கள் தத்தம் வாயால் பேசுவதும் நம் எழுத்தாளர்கள் நெடுநாளாகக் கையாளும் ஏற்பாடுதான். அவள் ஆங்கிலத்தில் எழுத விரும்பினாலும் தடுக்க வேண்டாம். எந்த மொழியில் கோபம் வருகிறதோ அந்த மொழியில் எழுதட்டும்.

மதிப்பெண் குறையும் என்ற பயத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சாரம் குறைவு. பல நாட்டு 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா ஆய்வு, 2009-ஆம் ஆண்டுச் சுற்றில் வாசிப்பை முதன்மையாக எடுத்துக்கொண்டது. மகிழ்ச்சிக்காகத் தினமும் படிக்கும் பிள்ளைகள், படிக்காதவர்களைவிட வாசிப்புத் திறனில் தெளிவாக முன்னே இருந்தார்கள். படிப்பதால் திறன் வந்ததா, திறன் இருப்பதால் படிக்கிறார்களா என்று பிரிப்பது கடினம்தான். ஆனால் கதை படித்தால் பாடம் கெடும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. அந்தச் சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் கலந்துகொண்டு கடைசி வரிசையில் வந்தது என்பதை வகுப்பாசிரியரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், வீண் மனஸ்தாபம். உங்கள் கணவரிடம் சொல்லலாம். வீட்டுப்பாடம் முடித்த பிறகு கதை என்ற ஒழுங்கு நியாயமானது. மதிப்பெண் குறைந்தால் புத்தகத்தைப் பறிப்பதும், கூடினால் புத்தகம் பரிசளிப்பதும் நியாயமல்ல. வாசிப்பைத் தண்டனைக் கணக்கில் சேர்த்தால் அவள் அதையும் ஒளிந்து செய்வாள்.

இனி அந்த 25,000 ரூபாய். வேண்டாம் சகோதரி. நல்ல பதிப்பகம் எழுதுபவரிடம் பணம் கேட்காது. எழுதுபவருக்குப் பணம் தரும். நீங்கள் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது, எடிட்டர் கண் படாத ஒரு புத்தகமும், கட்டிலுக்கு அடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் பிரதிகளும், சட்டம் போட்ட சான்றிதழும், பொன்னாடை போர்த்தும் புகைப்படமும்தான். பணம் போவதைவிட எனக்குக் கவலை வேறு. 13 வயதில் எழுதிய பாதிக் கதைகள் அச்சில் ஏறி, உறவினர் வீடுகளில் எல்லாம் போய் உட்கார்ந்தால், 16 வயதில் அவற்றைப் பார்த்து அவள் கூசிப்போவாள். அந்த வயதில் நேற்று எழுதியதைக் கிழித்துப் போடும் உரிமை எழுதுவதைவிட முக்கியமானது. "சாதனைச் சிறுமி" என்று ஊரே அழைக்கத் தொடங்கிய பிறகு எழுதாமலே போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு வாசகர்கள் வேண்டும் என்றால் கையெழுத்துப் பத்திரிகை நடத்தச் சொல்லுங்கள். தமிழில் அதற்கு நல்ல மரபு உண்டு. இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து, ஒரே ஒரு பிரதி, படங்களும் அவர்களே வரைந்து, கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள் விட்டு, ஒவ்வொருவர் வீட்டுக்கும் சுற்றுக்கு விடுவது. படித்தவர்கள் அந்த வெற்றுப் பக்கங்களில் கருத்து எழுதுவார்கள். செலவு ஒரு நோட்டும் வண்ணப் பென்சிலும். கொஞ்சம் துணிவு வந்த பிறகு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' போன்ற சிறுவர் இதழ்களுக்கு அனுப்பலாம். கைபேசிச் செயலிகளில் கதை பதிவேற்ற ஆசைப்பட்டால், புனைபெயரில் போடட்டும். புகைப்படம், பள்ளியின் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். முன்பின் தெரியாதவர் தனிச் செய்தி அனுப்பினால் உங்களிடம் காட்ட வேண்டும் என்று பேசிவையுங்கள்.

மகன் விஷயம் முற்றிலும் வேறு. நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தவன் அவன்தான்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். படிக்கப் பிடிக்கவில்லையா, படிக்க முடியவில்லையா? நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தையும் ஆங்கிலப் பாடத்தையும் கொடுத்து, சும்மா விளையாட்டாக, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறானா, வரிகளைத் தவறவிடுகிறானா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா? அப்படி என்றால் கண் பரிசோதனை செய்யுங்கள். பார்வை சரியாக இருந்தும் திணறல் தொடர்ந்தால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் பார்ப்பது நல்லது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நெடுங்காலமாக இந்தத் துறையில் இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்தக் குறைபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது சோம்பேறித்தனமும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. படிக்க முடியாத பிள்ளையிடம் "புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான்" என்று தினமும் சொல்வது கொடுமை.

சிக்கல் எதுவும் இல்லை, வெறும் பழக்கமின்மைதான் என்றால் இரவில் நீங்களோ கணவரோ படித்துக் காட்டுங்கள். ஒன்பது வயதில் எதற்கு என்பீர்கள். இந்த வயதில் காது கண்ணைவிட மிகவும் முன்னே ஓடுகிறது. தானாகப் படித்தால் விளங்காத கதை, கேட்டால் நன்றாக விளங்கும். குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்தவர் கிஜுபாய் பதேக்கா. 1920-இல் பாவ்நகரில் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கியவர். அவருடைய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் ஏற்றுக்கொள்வது உங்கள் மகன் படிக்கும் அதே நான்காம் வகுப்பை. பாடத்தைத் தொடாமல் கதை சொல்லத் தொடங்குவார். மணி அடித்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். உங்கள் கணவர் அந்தப் புத்தகத்தைப் படித்தால் நன்றாக இருக்கும். தடிமனான புத்தகம் இல்லை என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு வழி, மகன் சொல்ல நீங்கள் எழுதுவது. வீடியோவில் பார்த்ததையோ, தெருவில் நாய் துரத்தியதையோ, அவன் வாயால் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி, அவனிடமே கொடுங்கள். தான் சொன்னதைத் தானே படிப்பதில் பிள்ளைகளுக்கு அலாதி ஆவல். அக்காள் எழுத, தம்பி சொல்ல என்று இருவரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. சண்டை வரும், வரட்டும்.

என்ன படிப்பது என்பதில் தயவுசெய்து மூக்கை நுழைக்காதீர்கள். சீர்காழியில் பிறந்து இந்திய நூலகத் துறைக்கே வழிகாட்டிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். உங்கள் மகனுக்கான நூல் நீங்கள் நினைக்கும் திருக்குறள் கதைகளாக இல்லாமல் இருக்கலாம். டைனோசர், கிரிக்கெட் புள்ளிவிவரம், பேய், லாரி என்ஜின், எதுவாகவும் இருக்கட்டும். படக்கதைகளைப் புத்தகக் கணக்கில் சேர்க்க மறுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 1972-இல் சிவகாசியில் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசிப்புக்கு வந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ் வாசிப்பு மெதுவாக இருக்கும் பிள்ளைக்கு, பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு நூல்கள் நன்றாக உதவும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். அரசுப் பள்ளிகளுக்காகச் செய்தவை. தெரிந்த அரசுப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கைபேசியை முழுதாகப் பிடுங்க முடியாத நாட்களில், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. மகளுக்கு இன்றைய தமிழ்ச் சிறார் நாவல்கள் வேண்டும் என்றால், சாகித்ய அகாதமி 2010 முதல் வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் பட்டியல் ஒரு நல்ல தொடக்கம்: யெஸ். பாலபாரதி, உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் என்று தேடிப் போகலாம். திருப்பூர்ப் புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது இருவர் கையிலும் சம அளவு பணத்தைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அவன் ஸ்டிக்கர் புத்தகத்தோடு வந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது.

வீடியோவைத் திட்டிப் பயனில்லை. இரவில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், உங்களுடையதும் கணவருடையதும் சேர்த்து, வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும். பெரியவர்கள் அந்த நேரத்தில் இலக்கியம்தான் படிக்க வேண்டும் என்பதில்லை, செய்தித்தாள் போதும். அச்சிட்ட எதையாவது அப்பா கையில் பிடித்திருப்பதை மகன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, நூலகம். உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. சென்னை மாகாணத்தில் 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்திலிருந்து தொடரும் ஏற்பாடு அது. வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளர் உங்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். காசு ஏற்கெனவே போய்விட்டது. புத்தகத்தை எடுத்துவருவதுதான் பாக்கி. மாவட்ட மைய நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, வீட்டுப் பக்கம் ஒரு கிளை நூலகமும் இருக்கலாம். சிறிய காப்புத்தொகை கட்டி இருவருக்கும் தனித்தனியாக உறுப்பினர் அட்டை வாங்குங்கள். மகன் தன் பெயரைத் தானே எழுதட்டும். எடுக்கும் புத்தகத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்காவிட்டால் மறுநாளே திருப்பிக் கொடுக்கட்டும். எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை. சனிக்கிழமை போங்கள். இரண்டாவது சனியாக இருந்தால் வேண்டாம், கிளை நூலகம் பூட்டியிருக்கும், வெள்ளியும் விடுமுறை.